பால்மா உறை ஒட்டிய குடை

என் அம்மாவை நான் எடுத்த முதல் புகைப்படத்தில் அவர் களவெடுத்துப் பிடிபட்டவர் போல இருந்தார். கெமராவின் உச்சியில் இருந்த சின்ன பிளாஷ் நேரே முகத்தில் அடித்ததில் நெற்றி வெளுத்து, கண்கள் சிவந்து, பின்னாலிருந்த புகை படிந்த சுவரில் அவரைவிடப் பெரிய நிழலொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொலிஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வைப்பாங்களே, அந்தப் படம் மாதிரி இருக்கு பாப்பா."

எனக்குக் கோபம் வந்தது. கெமராவின் மேல் அல்ல, எங்கள் வீட்டின் மேல். தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. அதற்கு ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மண்மேடு. பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே பல்ப் எரிய வேண்டும். வெளியே வைத்து எடுக்கலாமென்றால் மழை, மழை இல்லாவிட்டால் பனிமூட்டம், அதுவும் இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்க வைக்கும் வெயில். எல்லாவற்றுக்கும் மேலாக, லயமே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அத்தனை பேர் பார்க்கும்போது எந்தப் பெண்ணுக்கும் தன் சொந்த முகம் வராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும் என்று விட்டுவிடுவேன். இன்று தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். நியமனம் கிடைத்த வருடம் வாங்கிய பழைய கெமராதான் என்னிடம் இருந்த ஒரே ஆடம்பரம். பள்ளி விட்டு வந்த பின்னேரங்களில், சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்துத்தான் புகைப்படக்கலையைக் கற்றேன். பேசியவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அது எனக்குப் புரிந்தது என்பதில் அப்போது இருந்த பெருமை இப்போதும் இருக்கிறது.

அவர்கள் சொன்னதில் முக்கியமானது ஒன்றுதான். பிளாஷைக் கெமராவின் தலையிலிருந்து கழற்று. பக்கவாட்டில் கொண்டுபோய், முகத்துக்குக் கொஞ்சம் மேலே வை. அப்போது மூக்குக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் வரும். முகம் தட்டையாக இராமல் திரண்டு நிற்கும். வெளிச்சத்தை நேரே அடிக்காமல் ஒரு குடையின் உட்புறத்தில் அடித்துத் திருப்பி அனுப்பினால், அது பெரிதாகப் பரவி நிழலின் ஓரங்களை மென்மையாக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் காணொளியில் வந்தவர்களின் பின்னால் இருந்த சாமான்களைப் பார்த்தால், எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீடுகளையும் விற்றாலும் வாங்க முடியாது போலிருந்தது.

பதுளை பஜாரில் பழைய மின்சாமான் விற்கும் கடையொன்று இருக்கிறது. கடைக்காரரை ஊரே நாநா என்றுதான் கூப்பிடும். ரேடியோ, அயர்ன், சார்ஜர் என்று குவிந்து கிடப்பதன் நடுவில் சில நேரம் கெமராச் சாமானும் கிடக்கும். நான் போய் பிளாஷ் கேட்டதும் ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார்.

"இதுக்குப் பின் கண்ணாடி வெடிச்சீக்கி. ஓட்டோ வேல செய்யாது. கையாலதான் கூட்டிக் கொறைக்கணும். போதுமா புள்ள?"

"போதும் நாநா. எனக்குக் கையால செய்றதுதான் வேணும்."

"வாற எல்லாரும் ஓட்டோ ஈக்கிதான்னு கேக்கிறாங்க. நீங்க ஒராள்தான் ஒடஞ்சத சந்தோஷமா வாங்குறீங்க."

அதோடு ட்ரிகர் ஒரு சோடியும் வாங்கினேன். ஒன்று கெமராவில் இருக்கும், மற்றது பிளாஷில் இருக்கும். படம் பிடிக்கிற கணத்தில் இது அதற்குக் கம்பியில்லாமல் சொல்லும், அது மின்னும். கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று சோதித்தேன். ஒவ்வொரு தடவை மின்னும்போதும் நாநா "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு கேட்டார்:

"சரி, இத எதுல நிப்பாட்டப் போறீங்க?"

"ஸ்டேண்ட் வாங்க இப்ப வசதியில்ல நாநா. கதிரை மேல கதிரை வெச்சுக் கட்டலாம்னு பாக்குறேன்."

அவர் எழுந்து கடையின் பின்பக்கம் போனார். இழுத்துக்கொண்டு வந்தது, தலை கழன்ற ஒரு நிற்கும் மின்விசிறி. கனமான வட்ட அடி, உயர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற தண்டு.

"தல போய்ட்டு. கால் நல்லா ஈக்கி. கொண்டு போங்க."

"எவ்வளவு நாநா?"

"தல இல்லாத சாமானுக்கு யாரு புள்ள வெல செல்ற?"

அந்த விசிறிக் காலைக் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸில் வந்தேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது, பின்னால் இறங்கிய ஒருவர் "நடுங்குற குளிருல டீச்சருக்கு பேன் கேக்குது" என்றார். "தல இல்ல, பாத்தீங்களா? அதனால குளிராது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இன்றுவரை அந்த விசிறிக் காலில்தான் என் வெளிச்சம் நிற்கிறது. நாநாவை நினைக்காமல் அதன் திருகை நான் முறுக்கியதே இல்லை.

அடுத்து, குடை. சின்னக் குடையில் சின்ன வெளிச்சம்தான் வரும் என்பதால் பதுளையில் தேடி, வளைந்த மரப்பிடியும் நீளக் காம்பும் உள்ள பெரிய கறுப்புக் குடையாகப் பார்த்து வாங்கினேன். கறுப்பு வெளிச்சத்தைத் தின்றுவிடும். உட்புறம் வெள்ளி மாதிரி மினுங்க வேண்டும். எதை ஒட்டலாம் என்று யோசித்துக்கொண்டு தேநீருக்குப் பால்தூள் கரைக்கும்போது, கையிலேயே பதில் இருந்தது. பால்மா உறை. அதன் உட்பக்கம் வெள்ளிதானே?

லயத்தில் சொல்லி வைத்தேன். ஒரே மாதத்தில் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் வெறும் உறைகள் வந்தன. கழுவி, காயவைத்து, வெட்டி, கம்பிக்குக் கம்பி பசை போட்டு ஒட்டினேன். சரியாகக் கழுவாத ஒன்றிரண்டில் பால்மா மிச்சமிருந்திருக்கிறது. முதல் வாரம் குடையில் எறும்பு ஏறியது. எறும்பைத் தட்டித் தட்டித்தான் வெளிச்சம் பழகினேன்.

சோதனைக்கு ஆள் வேண்டுமே. கதிரையில் ஒரு பூசணிக்காயை வைத்து, கரியால் கண்ணும் மூக்கும் வரைந்து, தலைக்குத் துவாயும் கட்டிவிட்டேன். பிளாஷின் வலிமை பின்னங்களில் இருக்கும்: முழுசு, அரை, கால், அரைக்கால், மாகாணி. பின்னம் படிப்பிக்கிறவளுக்கு அதில் என்ன கஷ்டம்! தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பது உயர்தரத்தில் படித்த பாடம். அப்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். இப்போது அது எங்கள் வீட்டில் வேலை செய்தது. குடையை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து வலிமையைக் குறைத்தால், பின்னாலிருக்கும் சுவருக்கு வெளிச்சம் போய்ச் சேராது. புகைக்கரி, ஈரக் கறை, தொங்கும் உடுப்புக் கொடி எல்லாமே கறுப்பில் மறைந்துவிடும். மிஞ்சுவது முகம் மட்டும். என் வீட்டின் மேல் எனக்கிருந்த கோபம் அந்தப் பின்னேரத்தில் பாதியாவது குறைந்தது.

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பிய அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பூசணிக்காய்க்கு என்ன, மாப்பிள்ள பாக்கிறாங்களா?"

பிறகு அவர் பார்வை குடைக்குப் போனது. சிரிப்பு நின்றது.

"வீட்டுக்குள்ள குடைய விரிக்காத பாப்பா."

"அதெல்லாம் சும்மா சொல்றதும்மா. வீட்டுக்குள்ள குடை விரிச்சா சாமியா கோவிக்கப் போவுது?"

"சாமி இல்ல..." என்று தொடங்கிய அம்மா, "சரி விடு, படிச்ச புள்ள" என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார். நான் மூடநம்பிக்கை பற்றி இரண்டு வசனம் பேசினேன். வகுப்பில் பேசுவது போலவே பேசினேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

அடுத்த சில வாரங்களில் அம்மாவை வைத்து எடுத்த படங்களில் வெளிச்சம் அழகாக இருந்தது. ஆனால் ஒன்றிலும் அம்மா இல்லை. தலை தானாகக் கவிழும். தோள் சுருங்கும். "நிமிருங்கம்மா" என்றால் நிமிர்வார். கெமராவைத் தூக்குவதற்குள் மீண்டும் குனிந்திருப்பார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு இரத்த உறவில்லை. மலையில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அம்மா அவரை அக்கா என்பார், எனக்கு அவர் பெரியம்மா. நான் பதுளைக்கு டியூஷன் போன இரண்டு வருடமும், சந்தியிலிருந்து லயம் வரையுள்ள தேயிலைக் காட்டுப் பாதையில் நான் தனியாக வரக்கூடாதென்று, அம்மா கடைசி நிறுவைக்கு முன்பே மலையிலிருந்து இறங்கி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். அம்மாவின் கூடையையும் சேர்த்து நிறுவைக்குச் சுமந்தவர் பெரியம்மா. அதில் கொழுந்து குறைந்தால் தன் கூடையிலிருந்து அள்ளிப் போட்டு நிரப்பித்தான் தராசுக்குக் கொண்டு போவார். இவ்வளவு எனக்கு அப்போதே தெரியும். நான் பள்ளிக்கூடம் முடித்ததில் அவருடைய கொழுந்தும் இருக்கிறது.

பெரியம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கொழும்பிலிருக்கும் மகன் வீட்டோடு போவதென்று முடிவானது. புதன்கிழமை காலை ரயில். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, சேலை முந்தானைக்குள் வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதப் பாரு டீச்சர் புள்ள. ஏம் பொழப்புல என்ன எடுத்த ஒரே படம்."

பார்த்தேன். கண் இரண்டும் பாதி மூடி, வாய் இறுகி, யாரோ ஒரு பெண்.

"ஒங்க பெரியப்பா செத்தப்போ அவரு ஐடென்டி படத்தத்தான் பெருசாக்கி சந்தியில பேனர் கட்டுனாங்க. அதுலயும் கண்ணு மூடித்தான். உசுரோட இருக்கறப்பவே செத்த மாதிரி எடுத்து வச்சிருந்தானுங்க. அடுத்தாப்ல என்னையும் இப்பிடித்தான் கட்டுவாங்க. எனக்குக் கண்ணு தொறந்த படம் ஒண்ணு வேணும்மா. போறதுக்குள்ள எடுத்துத் தந்துரு."

"அதுக்கென்ன பெரியம்மா, இன்னிக்கே எடுக்குறேன்" என்றேன். எனக்கிருந்த நம்பிக்கைக்கு அளவில்லை. வெளிச்சம் கைக்கு வந்துவிட்டது, பின்னங்கள் தெரியும், சுவரை மறைக்கத் தெரியும். முப்பது வருடக் கொழுந்துக்கு ஒரு படமாவது திருப்பித் தர முடியும் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

மத்தியானம் பெரியம்மா மயில்கழுத்து நிறச் சேலையில் வந்தார். முகம் முழுக்கப் பவுடர். எங்கள் பக்கத்தில் படமென்றால் பவுடர்தான். ஸ்டூடியோவில் கறுத்த முகத்தை வெளுக்க வைத்துத் தருவார்கள், நாம் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவோம். ஆனால் பக்கவாட்டில் இருந்து வந்த என் வெளிச்சம் அந்தப் பவுடரின் ஒவ்வொரு துகளையும் காட்டிக் கொடுத்தது. முதல் படத்தைப் பார்த்த பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடி ஆத்தி, திருநீறு பூசுன சாமியாரு!"

"மொகத்தக் கழுவிட்டு வாங்க பெரியம்மா. ஒங்க நெறத்துலயே எடுக்குறேன்."

"வெயிலுல வெந்த நெறம்டி இது."

"அதுதான் வேணும்."

கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஈரம் உலராத கன்னத்தில் குடையின் வெளிச்சம் விழுந்தபோது, அந்த நிறத்துக்கு நான் எந்தப் பெயரும் வைக்கத் தேவையில்லை என்று தெரிந்தது. கெமராவைத் தூக்கினேன். பெரியம்மாவின் தலை கவிழ்ந்தது.

"நிமிருங்க பெரியம்மா."

நிமிர்ந்தார். நான் பொத்தானை அழுத்தும்போது கண் பாதி மூடியிருந்தது. இன்னொன்று எடுத்தேன். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இன்னொன்று. பார்வை தரையில். குடையை அரை அடி தூக்கினேன், இன்னும் குனிந்தார். இன்னும் அருகில் கொண்டுவந்தேன். மடியில் இருந்த கைகள் அசையத் தொடங்கின. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. எதையோ கிள்ளுவது போல. அதை அவர் அறியவில்லை என்று நினைக்கிறேன்.

இருபது படத்துக்கு மேலே எடுத்துவிட்டேன். இருபதிலும் அதே அடையாள அட்டைப் பெண். பிளாஷின் பெட்டரிகள் பழையவை. ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும் மறுபடி நிரம்புவதற்கு அது காதோரம் பறக்கும் நுளம்பு போல நீளமாகக் கீச்சிட ஆரம்பித்திருந்தது. மாற்றுப் பெட்டரி என்னிடம் இல்லை. இன்னும் ஆறேழு தடவை மின்னினால் பெரிய காரியம்.

பெரியம்மா திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபிக்கவில்லை. சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"விட்டுரு புள்ள. ஒன் மேல தப்பில்ல. எனக்கு மொகமே அவ்வளவுதான்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் அதைப்போல என்னை அடிக்கவில்லை. எதை மாற்றுவது? வலிமையா, தூரமா, கோணமா? படித்த அத்தனையும் தலைக்குள் சுற்றியது. அதில் ஒன்றும் உதவவில்லை.

அதுவரை அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா, நீ அந்தக் கதிரையில ஒக்காரு."

"எதுக்கும்மா?"

"ஒக்காந்து மேல பாரு. குடையப் பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். வலப்பக்கம், தலைக்கு மேலே, முன்னால் சாய்ந்து நிற்கும் பெரிய குடையின் உட்பக்கம். மரப்பிடி. விரிந்த கம்பிகள்.

"என்ன தெரியுது?"

"குடைதான்மா தெரியுது."

"ஒனக்குக் குடை. நீ மலைக்கு வந்ததில்ல" என்றார் அம்மா. "மேட்டுல, எங்கள வேல வாங்குற கங்காணி குடையோட நிப்பாரு. நாங்க கீழ நெரயில நிப்போம். நிமிந்தா அவரு மொகம் தெரியாது. குடையோட உள்பக்கந்தான் தெரியும், சரியா இந்த எடத்துல. நிமிந்து பாத்தா, வேலையப் பாக்காம என்ன பாக்குறன்னு கேப்பாரு. அதனால குடை தெரிஞ்சா நாங்க குனிஞ்சுருவோம். கை தானா ஓடும். முப்பது வருசம் குனிஞ்ச கழுத்து, நீ நிமிருன்னா நிமிருமா?"

பெரியம்மா ஆச்சரியமாக அம்மாவைப் பார்த்தார். "அட, ஆமாடி. அதான் எனக்குக் கை கெடந்து துடிக்குது!"

நான் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பதுளை முழுக்கத் தேடி, இருந்ததிலேயே பெரிய, கங்காணிமார் பிடிக்கிற அதே குடையை வாங்கி வந்திருக்கிறேன். அதைக் கணக்குப் போட்டு, கோணம் பார்த்து, சரியாக அவர் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். தோட்டத்தில் வேறு எந்தப் பெண்ணும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டாள். ஒரு நாளும் மலைக்கு ஏறாமல் வளர்ந்தவள்தான் செய்வாள். அப்படி என்னை ஏறாமல் வைத்திருந்தவர்கள் இரண்டு பேரும் என் முன்னால் நின்றார்கள். அம்மா அன்றைக்குச் "சாமி இல்ல..." என்று தொடங்கியதை நான் முடிக்க விட்டிருக்கலாம்.

"குடைய மடிச்சிர்றேன்மா. ஜன்னல் பக்கம் போய்..."

"ஏன் மடிக்கணும்? பால்மா உற ஒட்டி எவ்வளவு பாடுபட்ட" என்ற அம்மா, விசிறிக் காலில் நான் ரப்பர் போட்டுக் கட்டியிருந்ததை அவிழ்த்து, பிளாஷோடு குடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "எங்க புடிக்கணும், சொல்லு."

பெரியம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். அம்மாவை அதே இடத்தில், அதே உயரத்தில் குடையைப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிடித்திருந்த ஆள்தான் வேறு. அம்மா ஒரு கையை இடுப்பில் வைத்தார். வயிற்றை முன்னால் தள்ளினார். எங்கிருந்தோ ஒரு தடித்த குரல் வந்தது.

"ஏய், மூணாம் நெர! எங்க ஒன் தங்கச்சிய காணோம்?"

பெரியம்மாவின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. ஒரு கணம் அந்தக் குரலுக்குப் பழகிய பயத்தில்தான் நிமிர்ந்தார். குடைக்குக் கீழே அம்மாவைக் கண்டார். கண் அகன்றது.

"தண்ணி குடிக்கப் பீலிக்குப் போயிருக்குங்க ஐயா!"

"நேத்தும் தண்ணி, இன்னிக்கும் தண்ணி. ஒன் தங்கச்சி வயிறு என்ன, வாளியா?"

"ஆமாங்கய்யா, ஓட்ட வாளி! ரெண்டு வருசமா ஊத்துறேன், ரொம்பவே மாட்டேங்குது!"

பெரியம்மா சிரித்தார். பல் விழுந்த இடம் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, குடைக்குள் நேரே பார்த்துச் சிரித்தார். நான் அழுத்தினேன். மின்னியது. கீச்சிட்டது. நிரம்பும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.

"குனிஞ்சு பறி, அரும்ப விட்டுட்டுப் போற!" என்று அம்மா மிரட்டினார்.

"ஒங்க காலடியிலதான் கெடக்கு. வயிறு எடங்குடுத்தா நீங்களே குனிஞ்சு பறிங்கய்யா!"

மறுபடி மின்னியது. சிரிப்பு அடங்கி, கண்ணில் நீர் மினுங்க, "இத அன்னிக்கே சொல்லிருக்கணும்டி" என்று அம்மாவைப் பார்த்தார். அதையும் எடுத்தேன். அதற்குப் பிறகு பெட்டரி செத்துவிட்டது. குடைக்குள் பால்மா உறைகள் மட்டும் பல்ப் வெளிச்சத்தில் மங்கலாக மினுங்கின.

தண்ணீர்க் கதை எனக்குப் புதிது. அம்மா பஸ் சந்தியில் எனக்காக நின்ற ஒவ்வொரு பின்னேரமும் கங்காணி கேட்டிருக்கிறார். பெரியம்மா குனிந்த தலையோடு அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் என் அம்மா பீலியில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்ன படிச்சுக் குடுத்தாங்க?" என்று கேட்பாரே, அந்த நேரத்தில் மேலே மலையில் ஒரு குடைக்குக் கீழே இன்னொருவர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினேன். பால்மா தாராளமாகப் போட்டேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பதுளைக்குப் போய்ப் படத்தை அச்செடுத்தேன். வரும் வழியில் நாநாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"என்ட பேன் காலாலயா இத எடுத்தீங்க?"

"இல்ல நாநா. இதுக்கு மட்டும் எங்கம்மாதான் கால்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார். பெரிய படத்துக்குச் சட்டமிட்டேன். கூடவே, பெரியம்மா சொல்லி அனுப்பியபடி, அடையாள அட்டைப் படத்தின் அளவில் சின்னதாக ஒன்றும் எடுத்தேன். எதற்கென்று அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு தெமோதரை ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாவும் அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. "யாராச்சும் கேட்டா தண்ணி குடிக்கப் போயிருக்குன்னு சொல்ல ஆளில்லையே இனி" என்று வழியில் சொன்னார். பெரியம்மா இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே நான் கொடுத்திருந்த சட்டமிட்ட படத்தைச் சேலைக்குள் சுற்றிப் பைக்குள் படுக்கவைத்திருந்தார். சின்னப் படத்தைக் கொடுத்தேன். உடனே முந்தானையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறையின் வாயை விரித்து, பழைய முகத்துக்கு மேலே புதிய முகத்தை நேராக வைத்து, விரலால் தள்ளி உள்ளே இறக்கினார்.

"பெரியம்மா, அப்பிடி வெக்கக் கூடாது. எங்கயாச்சும் காட்டச் சொன்னா அது செல்லாது."

"கேக்கறவங்களுக்கு அடியில இருக்கறத எடுத்துக் காட்டுறேன்" என்றார் பெரியம்மா. "இது நான் பாக்க."

ரயில் வந்தது. அம்மா பைகளை ஏற்றிக் கொடுத்தார். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பெரியம்மா, வண்டி அசையும்போது தலையை வெளியே நீட்டினார். பின்னேர நிறுவையில் கத்துவது போல, பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"ஐயா! தங்கச்சி தண்ணி குடிச்சு முடிச்சிருச்சுங்க!"

அம்மா இடுப்பில் கை வைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, இல்லாத குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார், ரயில் வளைவில் மறையும் வரை.